குழலை மாற்றுமுன் கூட்டின் அடியைப் பாருங்கள்

சுட்டு முடித்த இரண்டு ரைஃபிள் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை மேசைமேல் நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று .223 ரெமிங்டன், மற்றது .22-250 ரெமிங்டன். மேலிருந்து பார்த்தால் இரண்டின் வாயும் ஒன்றுபோலத்தான் தெரியும். .224 அங்குல, அதாவது 5.69 மி.மீ. குண்டு இரண்டிலும் கச்சிதமாக உட்காரும். இப்போது இரண்டையும் கவிழ்த்துப் பாருங்கள். முதல் கூட்டின் அடி 9.6 மி.மீ. விட்டம். இரண்டாவதன் அடி 12 மி.மீ.

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளின் (போல்ட் என்ற எஃகு உருளையைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) குழலைக் கழற்றிவிட்டு வேறொரு சிறிய தோட்டாவுக்கான குழலைப் பூட்டலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வாயைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். “இதுவும் இருபத்திரண்டு, அதுவும் இருபத்திரண்டுதானே, குழலை மட்டும் மாற்றினால் ஆகாதா?” ஆகுமா ஆகாதா என்று முதலில் சொல்லவேண்டியது கவிழ்த்தால் தெரியும் அந்த அடிப்பாகம்தான். குழலின் விட்டம், சுருள், நீளம் எல்லாம் அதற்கு அப்புறம் வரும் கேள்விகள்.

ஒரு சொல் விளக்கம் சொல்லிவிடுகிறேன். பேச்சில் தோட்டா, குண்டு இரண்டையும் நாம் கலந்தே சொல்கிறோம். இங்கே தோட்டா என்றால் முழுப் பொருள்: பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, அடியில் ஊசி குத்தியதும் தீப்பற்றும் பிரைமர், வாயில் குண்டு. குண்டு என்றால் குழலை விட்டுப் பறந்து போவது மட்டும்.

ஏன் மாற்ற வேண்டும்? பாதிப் பேருக்குக் காரணம் எளிது. பழைய குழல் தேய்ந்துவிட்டது, புதிது போடத்தான் வேண்டும், போடுவதுதான் போடுகிறோம், வேறு தோட்டாவுக்குப் போடலாமே என்ற எண்ணம். மற்றவர்களுக்கு உதைப்பு குறைய வேண்டும். சிறிய தோட்டாவில் துப்பாக்கி அதிகம் துள்ளாது. குண்டு எங்கே பட்டது என்பதைத் தொலைநோக்கியில் கண் எடுக்காமலே பார்த்துவிடலாம். செலவும் சத்தமும் குறையும். இவையெல்லாம் நியாயமான காரணங்கள்தான்.

போல்ட்டின் முகம்

போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து வெளியே எடுத்தால் அதன் முன்முனையில் ஒரு ஆழமில்லாத வட்டக்குழி இருக்கும். சின்னத் தட்டுபோல. நடுவில் ஊசி வெளிவரும் துளை. ஓரத்தில் எக்ஸ்ட்ராக்டர் எனப்படும் கொக்கி. தோட்டாவின் அடி அந்தத் தட்டில் உட்கார, கொக்கி கூட்டின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. சுட்டபின் போல்ட்டை இழுத்தால் வெற்றுக் கூட்டை இழுத்துக்கொண்டு வருவது இதுதான்.

இந்தத் தட்டு ஒரே ஒரு அளவுக்குத்தான் கடையப்பட்டிருக்கும். 1962-ல் வந்த ரெமிங்டன் 700 போன்ற துப்பாக்கிகளில் தட்டைச் சுற்றி முழு வட்டமாக எஃகுச் சுவர் உண்டு. 9.6 மி.மீ. தட்டுக்குள் 12 மி.மீ. அடி நுழையவே நுழையாது. 12 மி.மீ. தட்டில் 9.6 மி.மீ. அடியை வைத்தால் சோற்றுத் தட்டில் உருளும் சுண்டல்போல ஆடும், கொக்கிக்கும் எட்டாது.

ஆகவே தோட்டாக்களை வாயின் விட்டத்தை வைத்துப் பிரிக்காமல் அடியின் விட்டத்தை வைத்துக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பார்ப்பது குழல் மாற்றுபவருக்கு உதவும். மிகப் பெரிய குடும்பம் 12 மி.மீ. அடி கொண்டது. 1888-ல் ஜெர்மன் ராணுவம் ஏற்ற 8 மி.மீ. தோட்டாவிலிருந்து தொடங்கும் வம்சம் இது. 7×57 மவுசர், 1906-ன் .30-06, 1952-ன் .308 வின்செஸ்டர், 1955-ன் .243 வின்செஸ்டர், 2007-ன் 6.5 க்ரீட்மூர் எல்லாம் இதன் பிள்ளைகள். நம் .22-250-யும் அதே வீட்டுப் பிள்ளைதான்: 1915-ல் வந்த .250-3000 சாவேஜ் கூட்டின் கழுத்தைச் சுருக்கி ஆர்வலர்கள் செய்து பார்த்த தோட்டா, 1965-ல்தான் ரெமிங்டன் அதற்குத் தொழிற்சாலைத் தரம் கொடுத்தது.

9.6 மி.மீ. குடும்பம் இளையது. 1950-ல் ரெமிங்டனில் மைக் வாக்கர் .222 ரெமிங்டனை வடிவமைத்தார். பழைய கூடு எதையும் சுருக்காமல் புதிதாகவே வரைந்தது. அதிலிருந்து 1958-ல் .222 மேக்னம், 1964-ல் .223, 1971-ல் .17 ரெமிங்டன், 2004-ல் .204 ரூகர் என்று வரிசையாக வந்தன. இவை இரண்டுக்கும் நடுவில் 11.3 மி.மீ. அடி கொண்ட ஒரு சின்னக் குடும்பம் இருக்கிறது. 1975-ல் லூயி பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் உருவாக்கிய 6 பி.பி.சி. அதில் பேர்போனது, குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் பல ஆண்டுகள் அதன் கொடிதான் பறந்தது. கீழே .22 ஹார்னெட், 8.9 மி.மீ. விளிம்போடு. மேலே 13.5 மி.மீ. அடி கொண்ட, மேக்னம் எனப்படும் பெரிய தோட்டாக்கள்.

குடும்பத்துக்குள்ளேயே மாறுவது என்றால் வேலை பாதி முடிந்த மாதிரி. .308 துப்பாக்கியை .243 ஆக்கலாம், .22-250 ஆக்கலாம், போல்ட்டைத் தொடவே வேண்டாம். .223-ஐ .204 ரூகர் ஆக்கலாம்; போல்ட், கொக்கி, பெரும்பாலும் தோட்டாப் பெட்டியான மேகசின்கூட அப்படியே இருக்கும். குடும்பம் தாண்டிப் போனால்தான் தலைவலி.

தட்டைக் கடைந்து அகலப்படுத்த முடியாதா என்றால், முடியும். இரும்பை எடுக்கலாம், எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் பெரியதைச் சிறியதாக்குவதுதான் கடினம். அதற்கு உள்ளே வளையம் அடித்து மறுபடி கடைய வேண்டும், அல்லது வேறு போல்ட்டே வாங்க வேண்டும். சாவேஜ் துப்பாக்கிகளில் மட்டும் போல்ட்டின் தலை தனித் துண்டு. ஒரு குறுக்கு ஊசியைத் தட்டி எடுத்தால் தலை கழன்று வந்துவிடும், வேறு அளவுத் தலையை மாட்டிக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிக்காகவே அந்தத் துப்பாக்கியை வாங்குபவர்கள் உண்டு.

ஆனால் சிறியதைப் பெரியதாக்குவதில் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. தோட்டா வெடிக்கும்போது வாயு குண்டை முன்னே தள்ளுகிறது. அதே நேரம் கூட்டின் அடியைப் பின்னே தள்ளுகிறது. பின்னால் வரும் இந்த விசையைத் தாங்குவது மூடிய போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் பற்கள். அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் விசை வரும். .223-இன் உடல் அடியருகே சுமார் .376 அங்குலம், .22-250-இன் உடல் .470 அங்குலம். பரப்பு விகிதம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) நிர்ணயித்த உச்ச அழுத்தம் முன்னதற்கு சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு, பின்னதற்கு 65,000. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் பற்களின்மேல் விழும் அடி ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. குண்டு அதேதான், போல்ட்டுக்கு விழும் அடிதான் கிட்டத்தட்ட இரண்டு பங்கு.

போல்ட்டும் அதைச் சுமக்கும் எஃகு உடலும் சேர்ந்த பெரிய ஆக்‌ஷனில் .223 குழல் போட்டிருந்தால் இது பிரச்சினையே இல்லை, .308-க்கும் அதே எஃகுதான். ஆனால் 9.6 மி.மீ. குடும்பத்துக்கென்றே அளவாகச் செய்யப்பட்ட குட்டி ஆக்‌ஷன்கள் இருக்கின்றன. அவற்றின் போல்ட் முகத்தைக் கடைந்து விரித்து .22-250 போடுவது என் பார்வையில் வம்பை விலைகொடுத்து வாங்குவது. சுவரும் மெலிந்துவிடும், சுமையும் கூடிவிடும். அப்படி ஆசை இருந்தால் வேறு துப்பாக்கி வாங்குவதே மேல்.

மேகசினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீளமான பெட்டியில் குட்டையான தோட்டா முன்னும் பின்னும் ஓடும். மெலிந்த தோட்டாவை பெட்டி வாயின் அகன்ற உதடுகள் சரியாகப் பிடிக்காது. ஜெர்மன் துப்பாக்கியான மவுசர் 98-இல் பெட்டியே அந்தத் தோட்டாவுக்கென்று அளந்து செய்யப்பட்டது, அதனால் அதில் தோட்டா மாற்றினால் ஊட்டம் தகராறு செய்வது சகஜம். குழல் வேலை அருமையாக முடிந்து, மூன்றாவது தோட்டா ஒவ்வொரு முறையும் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும் துப்பாக்கிகளை நிறையப் பேர் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். குறிபார்த்துச் சுடும் மேசைக்கு அது போதும். வேட்டைக்கு ஆகாது.

சுருள் எத்தனை அங்குலத்தில் சுற்றுகிறது

குழலைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் நீளத்தையும் தடிமனையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். உள்ளே வெட்டியிருக்கும் சுருள் பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பதைத் தான் முதலில் கேட்க வேண்டும். 1:12 என்றால் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 1:7 என்றால் இன்னும் இறுக்கமான சுருள், குண்டு அதிக வேகமாகச் சுழலும்.

பம்பரம் சுழலும்வரைதான் நிற்கும். குண்டும் அப்படித்தான், நீளமான குண்டு நேராகப் பறக்க அதிகச் சுழற்சி வேண்டும். கவனியுங்கள், எடையைவிட நீளம்தான் இங்கே முக்கியம். செம்புக் குண்டு ஈயக் குண்டைவிட அடர்த்தி குறைவு. அதே எடைக்கு நீளம் கூடும், அதனால் இறுக்கமான சுருள் கேட்கும்.

1879-ல் ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் என்ற கணித அறிஞர் இதற்கு ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார். குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான சுருளின் நீளம் வரும். குண்டு மிக வேகமாகப் போகும் தோட்டாக்களுக்கு 150-க்குப் பதில் 180 போடுவார்கள். போட்டுப் பார்ப்போம். 5.69 மி.மீ. விட்டம், 19 மி.மீ. நீளம், இது வழக்கமான 55 கிரெயின் எடையுள்ள குண்டின் நீளம். 180-ஐ வைத்துக் கணக்கிட்டால் சுமார் 307 மி.மீ., அதாவது 12 அங்குலம். வியட்நாம் காலத்து அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்16-இல் இருந்த 1:12 சுருள் அப்படியே வந்து நிற்கிறது. இப்போது 25 மி.மீ. நீளக் குண்டைப் போடுங்கள்: 9.2 அங்குலம். நடைமுறையில் இதற்கும் ஒரு படி இறுக்கமாக 1:8 போடுவார்கள். குளிர்காலத்தில் காற்று அடர்த்தியாகும், அப்போதும் குண்டு தள்ளாடக் கூடாது என்பதற்கான முன்னெச்சரிக்கை. 1980-களில் வந்த எம்16ஏ2-வில் சுருளை 1:7 ஆக்கியதற்கும் நீளம்தான் காரணம். ஒளிவிட்டுப் போகும் டிரேசர் குண்டு மிக நீளமானது.

சுருளைத் தப்பாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1955-ன் கதை ஒன்று போதும். அந்த ஆண்டு வின்செஸ்டர் .243-ஐ வெளியிட்டது, ரெமிங்டன் .244-ஐ வெளியிட்டது. பெயர்தான் வேறு, குண்டின் விட்டம் ஒன்றே: 6.17 மி.மீ. கூட்டில் மருந்து கொள்ளும் இடம் .244-இல்தான் சற்று அதிகம். தாளில் பார்த்தால் அதுவே ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் சிறு பிராணிகளைச் சுடுபவர்கள்தான் இதை வாங்குவார்கள் என்று நினைத்து ரெமிங்டன் 1:12 சுருள் வைத்தது. வின்செஸ்டர் 1:10 வைத்தது. வாங்கியவர்கள் மான் வேட்டைக்கும் ஒரே துப்பாக்கி வேண்டுமென்று 100 கிரெயின் கூர்முனைக் குண்டுகளைத் தேடினார்கள். .243-இல் அவை நேராகப் போயின. .244-இல் நம்ப முடியவில்லை. ரெமிங்டன் பிற்பாடு சுருளை 1:9 ஆக்கி, 1963-ல் தோட்டாவுக்கே 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயர் மாற்றியது. அதற்குள் சந்தை போய்விட்டது. இன்றும் கடையில் .243 தோட்டா கிடைக்கும், 6 மி.மீ. ரெமிங்டனைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டு அங்குலச் சுருள் செய்த வேலை.

அதனால் .22-250-க்குக் குழல் வாங்கப் போகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலைக் குழல்கள் நெடுங்காலம் 1:14 சுருளில்தான் வந்தன. 55 கிரெயினோடு நின்றுகொள்வதென்றால் போதும். 75, 80 கிரெயின் குண்டுகளில் தொலைவுக்குச் சுட ஆசை இருந்தால் 1:8 கேட்டு வாங்க வேண்டும். குழல் மாற்றுவதில் இருக்கும் உண்மையான லாபமே இதுதான் என்பேன். தோட்டாவை மாற்றாமல் சுருளை மட்டும் மாற்றியே பலர் தேடிய துப்பாக்கி கிடைத்துவிடுகிறது; .223-ஐ 1:12-இலிருந்து 1:8-க்குக் கொண்டுபோனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

தேய்மானமும் இங்கேயே வருகிறது. .223 கூட்டைவிட .22-250 கூட்டில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு மருந்து. இரண்டும் எரிந்து வெளியேற வேண்டியது ஒரே 5.69 மி.மீ. வாசல் வழியாக. 55 கிரெயின் குண்டு முன்னதில் நொடிக்கு சுமார் 990 மீட்டர், பின்னதில் சுமார் 1,120 மீட்டர் வேகம் காட்டும். அந்தக் கூடுதல் வேகத்துக்கான விலையைக் குழலின் தொண்டைதான் கொடுக்கிறது. தோட்டா உட்காரும் அறையான சேம்பர் முடிந்து சுருள் தொடங்கும் அந்த இடத்தில் சின்னக் கேமரா விட்டுப் பார்த்தால் எஃகு காய்ந்த ஏரிப்படுகைபோலப் பாளம் பாளமாக வெடித்திருப்பது தெரியும். குழல் சூடாகச் சூடாகத் தொடர்ந்து சுடுபவர்களுக்கு இது சீக்கிரமே வந்துவிடும். அடிக்கடி சுடுபவர் .223-இலேயே இருப்பது புத்திசாலித்தனம்.

மயிரிழை அளவு

இனி வேலையே. போல்ட்டை மூடியபின் அதன் முகத்துக்கும், சேம்பருக்குள் கூட்டின் தோள், அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி, முட்டும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். ஹார்னெட் போன்ற விளிம்புத் தோட்டாக்களில் தோளுக்குப் பதில் விளிம்பின் தடிமன் அந்த அளவைத் தீர்மானிக்கும். குழல் மாற்றுவது என்ற வேலையின் சாரம் இந்தத் தூரத்தைச் சரியாக வைப்பதுதான். மற்றதெல்லாம் திருகுவதும் கழற்றுவதும்.

தூரம் குறைந்தால் போல்ட் மூடாது. அது தொல்லைதான், ஆபத்து இல்லை. கூடினால்தான் கெட்டது. வெடிக்கும்போது கூட்டின் மெல்லிய முன்சுவர் விரிந்து சேம்பரைக் கவ்விக்கொள்ளும். தடித்த அடியோ பின்னால் இருக்கும் வெற்றிடத்துக்குள் தள்ளப்படும். நடுவில் மாட்டிக்கொண்ட பித்தளை இழுபடுகிறது. வெளியே அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரியும். ஒரு கம்பியின் நுனியைச் சிறிதாக வளைத்து, கூட்டின் வாய் வழியே விட்டு, உள்சுவரை அடியிலிருந்து மேலே தடவினால் நுனி ஒரு பள்ளத்தில் இடறும். அந்தக் கூட்டை மறுபடி நிரப்பிச் சுட்டால் இரண்டாகப் பிரிந்துபோகும் வாய்ப்பு இருக்கிறது. பிரிந்தால் வாயு பின்பக்கமாக வரும், அங்கே இருப்பது சுடுபவரின் முகம்.

இதை அளக்க கோ, நோ-கோ என்று இரண்டு எஃகு கேஜ்கள் உண்டு. தோட்டா வடிவில் இருக்கும், மருந்து கிடையாது. இரண்டுக்கும் நீளத்தில் இருக்கும் வித்தியாசம் 0.1 மி.மீ. அளவுதான். போல்ட்டிலிருந்து ஊசியையும் வெற்றுக் கூட்டை வெளியே எறியும் எஜெக்டரின் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் எதிர்ப்பை கேஜின் எதிர்ப்பு என்று கை ஏமாந்துவிடும். கோ கேஜை வைத்துப் போல்ட்டை முன்னே தள்ளினால் கைப்பிடி தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். நோ-கோ கேஜை வைத்தால் பாதியில் நின்றுவிட வேண்டும். அந்த நிற்றலை விரல் நுனியால் உணர வேண்டும். அங்கே கையை வைத்து அமுக்கி மூடுபவர், கேஜ் வாங்கிய காசை வீணடித்தவர்.

இந்த அளவை எட்ட மூன்று வகைத் துப்பாக்கிகளில் மூன்று வழி. ரெமிங்டன் 700-இல் குழலில் ஒரு தோள்பட்டை இருக்கும். போல்ட் ஓடும் எஃகு உடலான ரிசீவருக்கும் அதற்கும் நடுவே உதைப்பைத் தாங்கும் தடித்த எஃகுத் தகடு சாண்ட்விச்போல இறுக்கப்படும். மவுசர் 98-இல் ரிசீவரின் உள்ளே ஒரு வளையம் இருக்கிறது, குழலின் பின்முனை அதில் போய் முட்ட வேண்டும். இந்த இரண்டிலும் லேத்தில் ஏற்றித்தான் அளவு எடுக்க முடியும். குழலின் துளை எல்லா இடத்திலும் நடுவில் ஓடாது. டயல் இண்டிகேட்டர் வைத்துத் துளையையே மையமாக நிறுத்திக்கொண்டு, அப்புறம்தான் மரை வெட்டுவதும் சேம்பரைக் குடையும் ரீமர் விடுவதும். ரீமரின் முன்னால் இருக்கும் பைலட் சுருளின் மேட்டில் சவாரி செய்யும், அதன் பின்னால் வரும் வெட்டுப்பற்கள் உடல், தோள், கழுத்து, தொண்டை எல்லாவற்றையும் ஒரே வடிவமாகக் குடைந்துகொண்டு போகும். கடைசிச் சில நூற்றிலொரு மில்லிமீட்டரில் வேலை எறும்பு ஊர்வதுபோல நடக்கும்: கொஞ்சம் வெட்டு, வெளியே எடு, சீவலைத் துடை, எண்ணெய் விடு, கேஜ் வைத்துப் பார். வெட்டியது கூடிப்போனால் குழலின் பின்முனையைக் கடைந்து, மரையை முன்னே தள்ளி, மறுபடி முதலிலிருந்து.

சாவேஜ் 110, 1958-ல் நிக்கலஸ் ப்ரூவர் வடிவமைத்தது, இந்தத் தலைவலியை ஒரு நட்டில் தீர்த்தது. குழல் மரைமேல் ஒரு நட். கோ கேஜை உள்ளே வைத்துப் போல்ட்டை மூடி, குழலைக் கேஜில் தொடும்வரை திருகி, நட்டை இறுக்கினால் அளவு நின்றுவிடும். அதன் மரை அங்குலத்துக்கு 20. ஒரு முழுச் சுற்று 1.27 மி.மீ. முன்பின் நகர்த்தும். அப்படியென்றால் கோவுக்கும் நோ-கோவுக்கும் இருக்கும் 0.1 மி.மீ. வித்தியாசம் கடிகாரத்தின் பெரிய முள் ஐந்து நிமிடம் நகரும் கோணத்தைவிடச் சற்றுக் குறைவு. நட்டை இறுக்கும்போது குழலும் கூடவே அசைந்தால் அந்தக் கோணம் ஒரு நொடியில் போய்விடும். இறுக்கியபின் இரண்டு கேஜையும் மறுபடி வைத்துப் பார்ப்பது இதனால்தான். ரிசீவர்களை மிகத் துல்லியமாகக் கடையும் சில தயாரிப்பாளர்களுக்கு இப்போது நட் இல்லாமலே, சேம்பர் வெட்டி முடித்த குழல்கள் தயாராகக் கிடைக்கின்றன. திருகினால் போதும் என்பார்கள். அப்போதும் கேஜ் வைத்துப் பார்க்காமல் சுடுபவரை எனக்குப் புரியவில்லை.

புதுக் குழலே இல்லாமல், இருக்கும் சேம்பரைப் பெரிதாக்கி வேறு தோட்டாவுக்கு மாற்றும் குறுக்கு வழியும் உண்டு. .22 ஹார்னெட்டின் சரிந்த உடலை நிமிர்த்திச் செய்த கே-ஹார்னெட் அப்படி வந்தது. சில சமயம் சட்டமே இந்த வழியைத் திறந்துவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் ராணுவத் தோட்டாவுக்குத் தடை வந்ததால், 8×57 மவுசர்களின் சேம்பரை 3 மி.மீ. நீட்டி 8×60 ஆக்கிக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் ராணுவத் தோட்டாவான .303 வைத்துக்கொள்ளத் தடை இருந்த இடங்களில் லீ-என்ஃபீல்டு ரைஃபிளுக்குப் புதுக் குழல் போட்டு .303/25 என்ற தோட்டா புழக்கத்துக்கு வந்தது; .303 கூட்டின் கழுத்தைச் சுருக்கி .25 அங்குலக் குண்டு வைத்தது. அடி மாறவில்லை, ஆகவே போல்ட்டும் மாறவில்லை.

துப்பாக்கியின் மரக் கட்டையில் வேலை சின்னது. பழைய குழலைவிடத் தடித்ததைப் போட்டால் கட்டையின் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். குழலுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு தாள் தடையின்றி ஓட வேண்டும். மெலிந்ததைப் போட்டால் இடைவெளி அசிங்கமாகத் தெரியும், சுடுவதில் குறை இல்லை.

சட்டம் அப்படிச் சின்ன விஷயம் இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் துப்பாக்கி என்பது ரிசீவர்தான், குழல் வெறும் உதிரிபாகம். ஜெர்மனியில் குழலே ஆயுதத்தின் முக்கியப் பாகமாகக் கணக்கில் வரும். பிரிட்டனிலும் ரைஃபிள் குழலுக்கு உரிமத்தில் இடம் வேண்டும். உரிமத்திலேயே துப்பாக்கியின் அளவை எழுதிவைக்கும் நாடுகளில் குழல் வாங்குமுன் அந்த எழுத்தைத் திருத்த அனுமதி வாங்க வேண்டும். 1914-ல் தொடங்கிய, துப்பாக்கிச் சோதனை விதிகளை வகுக்கும் சி.ஐ.பி. அமைப்பின் உறுப்பு நாடுகளில் புதுக் குழல் போட்ட துப்பாக்கி சோதனைக் கூடத்துக்குப் போய், வழக்கமான உச்சத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைத் தாங்கி, முத்திரை வாங்கி வர வேண்டும்.

முத்திரை இருக்கிறதோ இல்லையோ, குழல்மேல் புதுத் தோட்டாவின் பெயரை வெட்டியே ஆக வேண்டும். இது அலங்காரம் இல்லை. .223 கூட்டை வெட்டிச் சுருக்கிச் செய்த தோட்டா .300 பிளாக்அவுட், அடி அதே 9.6 மி.மீ., ஆனால் குண்டு 7.8 மி.மீ. சில வகைக் குண்டுகளோடு அது .223 சேம்பருக்குள் நுழைந்து போல்ட்டும் மூடிவிடும். 5.69 மி.மீ. குழலுக்குள் 7.8 மி.மீ. குண்டைத் தள்ளினால் துப்பாக்கி வெடித்துச் சிதறும், சிதறியும் இருக்கிறது. அடி ஒன்றாக இருப்பதால் கிடைக்கும் வசதியின் மறுபக்கம் இது. ஒரே ரிசீவருக்கு இரண்டு குழல் வைத்திருப்பவர் இரண்டு வகைத் தோட்டாக்களையும் ஒரே பெட்டியில் போடவே கூடாது.

சரி, எல்லாம் முடிந்து முதல் தோட்டாவைச் சுட்டாயிற்று. நல்ல மெக்கானிக் குறிப்பலகையைப் பார்க்க ஓடமாட்டார். போல்ட்டை மெதுவாகத் திறந்து, கூடு கீழே விழுமுன் கையில் பிடிப்பார். பிரைமர் தட்டையாக நசுங்கியிருக்கிறதா, ஊசிக் குழி நடுவில் இருக்கிறதா, விளிம்பில் கொக்கி கடித்த தடம் இருக்கிறதா, அடிக்கு மேலே வளையம் ஏதாவது பளபளக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்புறம் அதே பெட்டியிலிருந்து சுடாத தோட்டா ஒன்றை எடுத்து, இரண்டின் தோளையும் அளந்து, வித்தியாசத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் இரண்டாவது தோட்டா.